கொச்சி ஆபிரகாம் பாரக் சேலம்

சென்ற ஆண்டு நம் கல்லூரிச் சேவைக் கழகத்து மாணவர் சிலர், விடுமுறை நாட்களில் ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிற்குச் சென்று, ஆங்குள்ள ஆலைகளில் உழைப்போரின் சிறார்க்கு மாலை வேளையிற் பாடஞ் சொல்லி வந்தனர். ஸ்ரீபெரும்பூதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் முன்னாளில் ஏரியும் கழனியுமாய்க் கிடந்த நிலம் இந்நாளில் மோட்டார் வண்டி செய்யும் தொழிற்சாலைகளால் நிறைந்திருப்பதையும், பல மாநிலத்தாரும் வேலை நாடி அங்கு வந்து கூடியிருப்பதையும் நம்மவர் அறிவர். அவ்வூரில் நிகழ்ந்த விழாவொன்றிற் பகல் முழுதும் நின்று பந்தி பரிமாறிய நம் மாணவர் ஒருவர்க்கு, தாம் உண்ணும் வேளை வந்தபோது, மற்றையோரினின்றும் விலகிய ஓரிடம் காட்டப்பட்டது. அவர் ஒன்றும் பேசாது உண்டு திரும்பினார். மறுநாள் நம்பால் வந்து, தன்னை உடனமர்த்த மனமில்லாத கூட்டத்திற்கு ஒருவன் தொண்டு செய்வது தகுமோ என்று வினவினார். தகும் என்போமாயின் அவர் பட்ட இழிவைச் சிறிதாக்கியவராவோம்; தகாது என்போமாயின் அச்சிறார்க்கு மாலைப் பாடம் இல்லையாகும். உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை.

ஸ்ரீபெரும்பூதூர் என்றவுடன் 1017-ஆம் ஆண்டில் அங்குப் பிறந்த இராமாநுசரும், மேலக்கோட்டையில் அவர் திருக்குலத்தார்க்குக் கோயிலில் இடமளித்தார் என வழங்கும் செய்தியும் யாவர்க்கும் நினைவு வரும். அஃது உள்ளே இருந்த பெரியார் ஒருவர் வெளியே நின்றார்க்குக் கதவு திறந்த கதை. நம் மாணவரின் வினாவோ வெளியே நிறுத்தப்பட்டவனின் வினா. அவ்வினாவைத் தம் ஆயுள் முழுதும் சுமந்து, தமக்கு ஆசனம் மறுத்த சபைக்கே உழைத்த ஒருவர் நம் அண்டை நாடாகிய கேரளத்தில் வாழ்ந்திருந்தார். அவர் கொச்சி யூதர் குலத்து வழக்கறிஞர் ஆபிரகாம் பாரக் சேலம். யூதருடைய காந்தி என்று பிற்காலத்தார் அவரைச் சுட்டுவது வழக்கம். அவர் சரிதத்தையே ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் பெயரைக் கேட்டு நம் சேலம் நகரத்தவரோ என ஐயுற வேண்டா. ஆதியாகமத்தில் மெல்கிசேதேக்கு அரசாண்டதாகக் கூறப்படும் சாலேம் என்னும் ஊர்ப்பெயரோடு ஒத்த பெயர் அது.

முதற்கண் அச்சபையின் வரலாற்றைச் சிறிது கூறவேண்டும். மலையாளக் கரையில் யூதர் குடியேறிய காலம் மிகப் பழையது. கி.பி. 1000 அளவில் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேரமன்னன் ஜோசப் ரப்பான் என்பார்க்கு அளித்த செப்பேடுகள் இன்றளவும் மட்டாஞ்சேரி ஜெபாலயத்திற் காக்கப்பட்டு வருகின்றன. அவை வட்டெழுத்தில் எழுதப்பட்டவை. அவற்றின் மொழி நம் பழந்தமிழோடு மிக நெருங்கியது. பகல்விளக்கு, குடை முதலாகிய 72 உரிமைகள் அவற்றால் அருளப்பட்டன. பின்னர்ப் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்த்துகல் முதலிய தேயங்களிலே துன்புறுத்தப்பட்ட யூதர் சிலர் கொச்சியை அடைந்தனர். அவர்களைப் பரதேசி யூதர் என்பர். கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டி அளித்த நிலத்தில் 1568-இல் அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் 1662-இல் போர்த்துகேசியராற் சிதைவுற்று, இரண்டாண்டுக்குப்பின் ஒல்லாந்தர் காலத்திற் புதுப்பிக்கப்பட்டது. அதன் தரையிற் பதித்த நீலச் சித்திர ஓடுகள் சீன தேயத்தினின்று வந்தவை; அதன் மணிக்கூண்டு 1760-இல் எசக்கியேல் ரகாபி என்னும் வணிகர் கட்டுவித்தது.

குடையும் விளக்கும் பெற்ற இக்குலத்தார் தம்முள் ஒருவரையொருவர் ஒப்பாகக் கொண்டனரோ எனின், இல்லை. பண்டுதொட்டு வாழ்ந்த மலபார் யூதரைக் கருப்பர் என்றும், பரதேசியரை வெள்ளையர் என்றும் பிரித்து, ஒரு பகுதியார் மற்றொரு பகுதியாரோடு மணவுறவு கொள்ளாதிருந்தனர். நாம் பிறந்த இந்நாட்டின் சாதிக்காற்று அந்நியரையும் விட்டதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. இவ்விரு பகுதிக்கும் அப்பால் மூன்றாவதொரு சிறு பிரிவும் இருந்தது. வெள்ளை யூதரின் இல்லங்களில் அடிமைகளாயிருந்து, யூத சமயந் தழுவி, விடுதலை பெற்றவர்களும் அவர் வழித்தோன்றல்களுமே அப்பிரிவினர். விடுவிக்கப்பட்டோர் என்று பொருள்படும் மெஷூக்ராரிம் என்னும் எபிரேயச் சொல்லே அவர்க்குப் பெயராயிற்று. விடுதலை பெற்றுத் தலைமுறை பல கடந்தும் அப்பெயர் அவரை விடவில்லை.

அவர்கள் தொழுதது பரதேசி ஜெபாலயத்திலேதான். ஆயினும் அதன் விசிப்பலகைகளில் அவர்க்கு இடமில்லை. பின்புறத்துத் தரையிலோ முன்மண்டபத்திலோ அமர்தல் வேண்டும். தோராச் சுருளைத் திறந்து வாசிக்கும் மேன்மைக்கு அவர் அழைக்கப்படார். வெள்ளை யூதரோடு மணமில்லை. இறந்தோரை அடக்கஞ் செய்யும் நிலத்திலும் வேற்றுமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் அவருட் சிலர் மனம் வெதும்பிப் பிரிந்து, கோட்டைக் கொச்சியிலே தனியே தொழுகை நடத்திப் பார்த்தனர், அம்முயற்சி நிலைபெறவில்லை. மீண்டும் அதே தரைக்கு வந்து சேர்ந்தனர்.

யூதர்க்குச் சபை என்பது ஓய்வுநாளிற் கூடிப் பிரியும் கூட்டமன்று. பத்து ஆடவர் கூடினாலன்றிப் பொதுத் தொழுகை நிறைவாக நடவாது. ஆகலின் ஒவ்வொருவன் வருகையும் மற்றொன்பதின்மர்க்குச் செய்யும் ஊழியமே. நோயாளிகளைக் காண்டல், இறந்தாரை நீராட்டி அடக்கஞ் செய்தல், வறியார்க்கு உதவுதல் ஆகிய இவை அவர்கள் சமயத்தில் இரக்கமுடையார் விருப்பத்திற்கு விடப்படாமல் யாவர்க்கும் கடமையாக விதிக்கப்பட்டவை. கொச்சியிலே பஸ்காப் பண்டிகைக்குப் பலநாள் முன்னரே வீடுகளைத் தூய்மை செய்து, தானியங்களைக் கல்லும் பதரும் நீக்கி ஆய்ந்து வைப்பர். தோராவின் மகிழ்ச்சி விழாவில் சுருள்களை ஏந்திக்கொண்டு ஜெபாலயத்தின் வெளியே வலம் வருவர்; நம் கோயிற் பிராகாரங்களை நினைப்பூட்டும் இவ்வழக்கம் கொச்சிக்கே உரியதென்பர். இவ்வாறு பணியெல்லாம் பொதுவாயிருந்த இடத்தில் இருக்கை மட்டும் பொதுவாயில்லை என்பதே சேலம் கண்ட குறை.

அவர் 1882-ஆம் ஆண்டு கொச்சியில் அப்பிரிவினரின் குடும்பமொன்றிற் பிறந்தார். எறணாகுளம் மகாராஜா கல்லூரியிற் பயின்றார். பின் சென்னைக்கு வந்து சட்டம் கற்றுத் தேறினார். தம் பிரிவாருள் வழக்கறிஞரான முதல்வர் அவரே. சென்னையில் அவர் காலத்திலும் யூதர் மிகச் சிலரே. பவழ வாணிகத்தின் பொருட்டு முன்னாளில் இங்கு வாழ்ந்த யூதரின் நினைவாகப் பவழக்காரத் தெரு என்னும் பெயரே பெரும்பாலும் எஞ்சியிருந்தது. கற்றவர் பலர் அந்நாளிற் செய்ததுபோல அவரும் சிறுமைப்படுத்திய ஊரை மறந்து வேற்றூரிற் பேர் பெற்று வாழ்ந்திருக்கலாம். அவரோ எறணாகுளத்திற்கே மீண்டு, அங்கு வழக்கறிஞர் தொழில் நடத்தினார். மட்டாஞ்சேரி யூதத் தெருவையும் விட்டாரில்லை. நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன் நிமிர்ந்து நின்று வாதிப்பவர், ஓய்வுநாளில் தம் சொந்தச் சபையிலே தரையில் அமர வேண்டியவராயிருந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கொச்சி இராச்சியத்தில் 1925-இல் சட்டசபை ஏற்பட்டபோது அவர் அதன் உறுப்பினராகி 1931 வரையிலும், மறுபடி 1939 முதல் 1945 வரையிலும் பணியாற்றினார். தொழிலாளர் சங்கங்கள் அந்நாட்டில் அரும்பத் தொடங்கிய காலத்தில் அவற்றிற்கு ஆதரவாக நின்றவருள் அவரும் ஒருவர். எறணாகுளத்தில் அவர் நின்று பேசிய மேடொன்றை மக்கள் சேலம் குன்று என்றே வழங்கினர். ஒரு சிறு பிரிவின் குறையை மட்டும் பேசியிருந்தால் மக்கள் ஒரு மேட்டிற்கு அவர் பெயரை இட்டிருக்க மாட்டார்கள் என்பது நம் துணிபு.

அவர் வாழ்வில் 1929-ஆம் ஆண்டு குறிக்கத்தக்கது. அவ்வாண்டின் இறுதியில் லாகூரில் இராவி நதிக்கரையிற் கூடிய காங்கிரஸ் மகாசபை பூரண சுயராஜ்யமே நோக்கம் எனத் தீர்மானித்தது. நாற்பத்தேழு வயதினராகிய சேலம் கொச்சியினின்றும் அத்துணைத் தூரம் சென்று அதிற் கலந்துகொண்டார். அதே ஆண்டில் அவர் வேறொரு காரியமும் செய்தார். மட்டாஞ்சேரி ஜெபாலயத்தைப் பற்றி நித்திய ஒளி எனப் பொருள்படும் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். யூத ஜெபாலயங்களில் இடையறாது எரியும் விளக்கிற்கு அப்பெயர் உண்டு. வேற்றூரார் அவ்வாலயத்தின் பெருமையை அறியும்படி நூல் செய்தவர், அதன் விசிப்பலகையில் அமர உரிமையில்லாதவர்! இவ்விரண்டு செய்கைகளுள் லாகூர்ப் பயணத்தையே பலரும் பெரிதாகச் சொல்வர். நமக்கோ அச்சிறு நூலே பெரிதாகத் தோன்றுகின்றது. தம்மை இழிவுசெய்த வழக்கத்தை வெறுத்தவர், அவ்வழக்கம் நிகழ்ந்த இடத்தை வெறுக்கவில்லை. அது தம்முடையதும் ஆகும் என்று உரிமை கொண்டாடினார். ஒருவனுக்கு உரிமையில்லாத வீட்டின் சிறப்பை அவன் எழுதுவானோ?

வழக்கத்தை மாற்றுதற்கு அவர் கைக்கொண்ட முறை சத்தியாக்கிரகமே. இதே மலையாள நாட்டில் 1924-இலும் 1925-இலும் வைக்கத்துக் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் யாவரும் நடக்கும் உரிமையின் பொருட்டு நிகழ்ந்த போராட்டத்தையும், அதில் நம் ஈ. வெ. ராமசாமி நாயக்கர் சிறை புகுந்ததையும் தமிழர் மறவார். 1931-இல் குருவாயூரிலும் அத்தகையதே நிகழ்ந்தது. சேலம் அம்முறையை ஜெபாலயத்திற்குக் கொண்டுவந்தார். மறுக்கப்பட்ட ஆசனத்தை வன்மையாற் கவரவில்லை. ஜெபாலயத்தின் படியிலே அமர்ந்தார். தொழவந்தார் ஒவ்வொருவரும் அவரைக் கண்டே உள்ளே செல்லவேண்டியதாயிற்று. வீட்டில் இருந்துவிட்ட ஒருவரை மறப்பது எளிது. வாயிற்படியில் அமைதியாக அமர்ந்தவரை மறப்பது எளிதன்று. யூதத் தெருவோ மிகச் சிறியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கச் சில நிமிடமே ஆகும். எல்லாரும் எல்லாரையும் பிறப்பு முதல் அறிந்தவர்கள். அத்தகைய இடத்திலே அண்டை வீட்டாரை நாடோறும் எதிர்த்து நிற்றற்கு, லாகூரிற் பல்லாயிரவரோடு நின்று முழங்குவதினும் மிக்க நெஞ்சுரம் வேண்டும்.

நூல்வழக்கும் அவர் பக்கமே இருந்தது. கொச்சி யூதருள் எழுந்த இவ்வேற்றுமையைப் பற்றிப் பதினாறாம் நூற்றாண்டிலேயே எகிப்து தேயத்து யூத அறிஞர்களுக்கு எழுதிக் கேட்டிருந்தனர். தாவீது இப்னு சிம்ரா என்னும் பெரும் பண்டிதர், முறைப்படி நீரில் மூழ்கிச் சமயந் தழுவியோர் முழு யூதரே என்றும், அவரோடு மணவுறவு கொள்ளலாம் என்றும் விடையெழுதினார். அவ்விடை வந்து நானூறு ஆண்டுகளாகியும் கொச்சியில் அது நடைமுறைக்கு வரவில்லை. சட்டம் எழுதப்படுவதற்கும் பலகையில் இடம் விடப்படுவதற்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவு. நம் நாட்டுச் சட்டங்களைப் படிக்கும் மாணவர்க்கு இது புதிதாய்த் தோன்றாது.

மாற்றம் ஒரு நாளில் வந்ததன்று. வெள்ளை யூதருள் இளைஞர் சிலர் மனம் இளகினர். முதியோர் சிலர் இறுதிவரை இளகவில்லை. 1937-இல் கொச்சிக்கு வந்து அச்சபையை ஆராய்ந்த டேவிட் மாண்டல்பாம் என்னும் அமெரிக்க மானிடவியலார் இச்சாதி வேற்றுமையைத் தம் கட்டுரைகளிற் பதிந்து வைத்தார். தரையினின்று பலகைக்கும், பலகையினின்று தோரா வாசிக்கும் மேடைக்கும் படிப்படியாக வழி பிறந்தது. மணத்தடையோ கடைசிவரை நின்றது. 1950-இல் சேலத்தின் மகன் ஒருவர் வெள்ளை யூதக் குடும்பத்து மங்கை ஒருத்தியை மணந்தபோது, அம்மணத்தைக் கொச்சியில் நடத்த இயலாமல் மும்பைக்குச் சென்று நடத்த நேர்ந்தது. தந்தை படியில் அமர்ந்ததன் பயனை மகனும் முற்றும் உள்ளூரிற் பெறவில்லை. வெற்றி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் சொல்லுக்குள் இத்தகைய குறைகள் எத்தனையோ அடங்கிக் கிடக்கின்றன.

அவர் வாழ்வின் பிற்பகுதி வேறொரு பணியிற் கழிந்தது. 1933-இல் அவர் பலஸ்தீன நாட்டிற்குச் சென்று வந்தார். அப்பயணத்திற்குப்பின் யூதர்க்கு ஒரு நாடு வேண்டும் என்னும் கொள்கையில் உறுதி பெற்றார். 1947-இல் இந்தியா விடுதலை எய்தியது. 1948-இல் இஸ்ரேல் தோன்றியது. அப்பொழுது கொச்சி யூதர் ஏறத்தாழ 2,500 பேர். அவருட் பெரும்பாலோர் மலபார் யூதர். பலர் ஆங்குக் குடிபெயர விரும்பி ஆயத்தமாயினர். ஆனால் மலையாளக் கரையிற் பரவியிருந்த யானைக்கால் நோய் தம் நாட்டிலும் பரவுமோ என அஞ்சிய இஸ்ரேல் அதிகாரிகள் அவர்களை ஏற்கத் தயங்கினர். ஒரு காலை ஊரை விட்டெடுத்து மறுகாலை ஊன்ற இடமின்றி நிற்பது எத்துணைத் துன்பம்! அவர்கள் பொருட்டு வாதாடச் சேலம் 1953-இல் இஸ்ரேலுக்குச் சென்றார். அப்போது அவர்க்கு எழுபது கடந்திருந்தது. அவ்வாண்டு முதல் 1955 வரையில் பெரும்பான்மையோர் குடிபெயர்ந்தனர்.

ஈண்டு ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். குடிபெயர்ந்தோருட் பெரும்பாலோர் அவருடைய ஜெபாலயத்தைச் சார்ந்தவர் அல்லர். எறணாகுளம், சேந்தமங்கலம், பரூர், மாளை முதலிய ஊர்களிலே வேறு ஜெபாலயங்களில் தொழுது வந்தவர்கள் அவர்கள். வாயிற்படியில் அமர்ந்தவர்க்குத் தம் வாயில் எது, பிறர் வாயில் எது என்னும் கணக்கு இல்லாது போயிற்று. இந்திய விடுதலைக்கு லாகூர் சென்றவர் தம் குலத்தாரை இந்தியாவை விட்டு அனுப்புதற்கு உழைத்தது முரணன்றோ என்று சிலர் வினவுவர். முரண் இருக்கிறது, அதனை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயிரம் ஆண்டு இந்நாட்டு மன்னர் நிழலில் அச்சமின்றி வாழ்ந்த ஒரு குலம் மூன்றாண்டுகளில் ஏறக்குறைய ஒழிந்து போனதை எண்ணுந்தோறும் நமக்கு மனம் வருந்துகின்றது. போன நாட்டில் மற்றொரு மக்கள் வீடிழந்து நின்றதும் நினைவுக்கு வருகின்றது. ஆயினும் அவர்களை வற்புறுத்தி அனுப்பியவர் அவரல்லர். போக விரும்பி இடையிற் சிக்கியவர்க்கு வழி செய்தவர். அவரோ போகவில்லை. கொச்சியிலேயே தங்கி, 1967-இல் அங்கேயே காலமானார்.

அடுத்த ஆண்டு, 1968 டிசம்பரில், மட்டாஞ்சேரி ஜெபாலயத்தின் நானூறாம் ஆண்டு விழா நிகழ்ந்தது. பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் வந்திருந்தார். அரசாங்கம் நினைவுத் தபால்தலை வெளியிட்டது. அவ்விழாவைக் காணச் சேலம் இல்லை. அதன்பின் வெள்ளை யூதரும் ஒவ்வொரு குடும்பமாகக் குறைந்தனர். தொழுகைக்கு வேண்டிய பத்து ஆடவரை ஊரிற் காணவொண்ணாமல், அயல்நாட்டு யாத்திரிகர் வருகையை எதிர்நோக்கும் நிலை அச்சபைக்கு வந்தது. இன்றோ அத்தெருவிற் பரதேசி யூதரை விரல்விட்டு எண்ணவும் ஆளில்லை. நறுமணப் பொருள் விற்கும் கடைகளுக்கிடையே ஜெபாலயத்திற்குச் செல்லும் அத்தெருவிற்கு ஏ. பி. சேலம் சாலை என்று பெயர். உள்ளே சென்று சீன ஓடுகளைக் காண விரும்புவோர் யாவரும் அச்சாலை வழியே நடந்துதான் வாயிற்படியை அடைய வேண்டும்.

இச்சரிதத்தை அம்மாணவர்க்கு ஒரு மாலையிற் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் கூறாதிருந்து, சேலம் படியில் அமர்ந்த நாட்களிற் சபையின் பிற பணிகளை விட்டுவிட்டாரோ என்று மட்டும் கேட்டார். விட்டாரில்லை என்றோம். அடுத்த சனிக்கிழமை அவர் வழக்கம்போல் ஒரகடத்திற்குப் பேருந்து ஏறினார். சிறுவர்க்கான பாடப் புத்தகங்களோடு, விழா நடத்திய குழுவினர்க்குத் தாம் எழுதிய கடிதம் ஒன்றும் அவர் பையில் இருந்தது. பரிமாறியவரும் உண்டவரும் வரும் ஆண்டில் ஒரே பந்தியில் அமர வேண்டும் என்பதே அதிற் கண்ட செய்தி.